செம்பாறைக்கு இறங்கும் கோணம்

ஜூன் 3, செவ்வாய்

டாக்டர் எழுதச் சொல்லியிருக்கிறார். ஏப்ரலில் நடந்த விபத்துக்குப் பிறகு எங்கள் ஏர் ஆம்புலன்ஸ் நிறுவனத்து விமானிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினார். என்னிடம் மட்டும், "தினமும் ஏதாவது எழுதுங்க பிரிசில்லா, பெருசா ஒண்ணும் வேணாம்" என்றார். மற்றவர்களிடமும் சொன்னாரோ என்னவோ. நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று அவரிடம் சொன்னேன். இங்கேயும் அதையே எழுதுகிறேன்.

காலையில் தண்ணீர் லாரி வரவில்லை. இருந்த இரண்டு குடத்தில் சீருடைச் சட்டைகளை அலசிப் போட்டேன். கணவர் ஸ்டான்லி துறைமுகத்துக்கு வேலைக்குக் கிளம்பும்போது, "இவ்ளோ வெள்ளையா இருந்தா கண்ணு கூசுது பிரிசி, ஏற்கெனவே துவைச்சதத்தான துவைக்க?" என்றார். கணவர்களுக்கு எல்லாச் சட்டையும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

பிற்பகல் செம்பாறைக்குப் போய் வந்தேன். இதய நோயாளி ஒருவரை மதுரையில் சேர்க்க வேண்டியிருந்தது. செம்பாறை, மலைமேல் இருக்கும் தேயிலை எஸ்டேட். அங்கே வெள்ளைக்காரன் காலத்தில் போட்டு, பின்னால் தார் பூசிய ஓடுதளம் ஒன்று உண்டு. எழுநூற்றைம்பது மீட்டர்தான். ஒரு முனையில் பள்ளத்தாக்கு, மறுமுனையில் வீடு உயரத்துக்குப் பாறை. பள்ளத்தாக்குப் பக்கமிருந்து வந்து, பாறையைப் பார்த்து இறங்கி, அதற்கு முன்னால் நின்றாக வேண்டும்.

எங்கள் எடைக்குக் கையேடு சொல்லும் இறங்கு வேகம் எழுபது நாட். எண்பத்தைந்து வைத்தேன். காற்று சரியில்லை.

இறங்கியபின் நோயாளிக்காகக் காத்து வெளியே நின்றோம். ஒரு இலை அசையவில்லை. சட்டையெல்லாம் நனைந்துவிட்டது.

ஜூன் 5, வியாழன்

சுகிர்தாவின் அம்மா போன் செய்தார்கள். சட்டை தேய்த்துக்கொண்டிருந்ததால் எடுக்க முடியவில்லை.

ஜூன் 9, திங்கள்

என் வலது இருக்கைக்குப் புதிய துணை விமானி வந்திருக்கிறார். பெயர் மொகுதூம், சொந்த ஊர் காயல்பட்டினம். கடற்படையில் போர் விமானம் ஓட்டியவர். ஓடும் கப்பலின் தளத்தில் விமானத்தை இறக்கியவர் என்று அலுவலகத்தில் எல்லோரும் ஒரு மாதிரி பயபக்தியோடு பேசுகிறார்கள். வயதில் எனக்கு நான்கைந்து ஆண்டு மூத்தவர். ஆனால் இந்த விமானத்தில் அனுபவம் குறைவு என்பதால் எனக்குக் கீழே பறக்கிறார். அதைப் பற்றி அவருக்கு வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை. இருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அந்த இருக்கையில் சுகிர்தா உட்கார்ந்த காலம் உண்டு. இருவரும் ஒரே பயிற்சிப் பள்ளியில் படித்தோம். இங்கே சேர்ந்த புதிதில் யார் இடது, யார் வலது என்று நாணயம் சுண்டிப் போட்டுப் பறந்திருக்கிறோம். பிறகு இருவருமே கேப்டன் ஆகிவிட்டோம், சேர்ந்து பறப்பது குறைந்துவிட்டது.

இன்று மதுரையில் இறங்கியபின் மொகுதூம் கேட்டார்.

"கேப்டன், ஒண்ணு கேக்கலாமா? தொண்ணூறு ஏன் வச்சீங்க?"

"பாதுகாப்புக்கு."

"எதுலேர்ந்து?"

ஹெட்செட்டைக் கழற்றினேன். மதுரையில் ஓடுதளம் எவ்வளவு நீளம்! அங்கே தொண்ணூறு வைத்தால் என்ன, நூறு வைத்தால் என்ன?

ஜூன் 14, சனி

விமானத்தில் ஒரு புதுக் கருவி பொருத்தியிருக்கிறார்கள். இடது இறக்கைக்கு அடியில் விரல் அகலத்தில் ஒரு தகடு. காற்று வரும் திசைக்கு ஏற்ப அது திரும்பும். எங்கள் கண்ணுக்கு நேரே, முன்கண்ணாடிக்குக் கீழே, தீப்பெட்டி அளவுக்கு ஒரு விளக்குப் பெட்டி. இறக்கை எதிர்காற்றை எந்தச் சாய்வில் வெட்டிக்கொண்டு போகிறது என்பதை, அதாவது தாக்குகோணத்தை, அது காட்டும். நடுவில் பச்சை வட்டம் எரிந்தால் இறங்குவதற்குச் சரியான கோணம். கீழே மஞ்சள் எரிந்தால் தேவைக்கு மேல் வேகமாக வருகிறோம். மேலே சிவப்பு எரிந்தால் இறக்கை காற்றின் பிடியை விடப் போகிறது. விட்டால் 'ஸ்டால்'. விமானம் பறப்பதை நிறுத்திவிட்டு விழும்.

இதை வாங்கச் சொல்லி எழுதிக் கொடுத்தது மொகுதூம்தான். கடற்படையில் இறங்கும்போது வேகமானியை அவர்கள் பார்ப்பதே குறைவாம், கோணத்தை வைத்துத்தான் வருவார்களாம். எங்கள் செயல்பாட்டு மேலாளர் அரவாழி சார் உடனே சரி என்றுவிட்டார். ஏப்ரலுக்குப் பிறகு யார் எதைக் கேட்டாலும் அவர் சரி என்கிறார்.

பதினோரு வருடமாக வேகமானியை நம்பிப் பறக்கிறேன். எனக்கு இது தேவையில்லை என்று சொன்னேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

இன்று இரண்டு முறை இறங்கினேன். இரண்டு முறையும் மஞ்சளே எரிந்தது. அளவு சரிசெய்யாமல் பொருத்திவிட்டார்கள் போல.

மாலையில் நெத்திலி வாங்கிக் குழம்பு வைத்தேன். ஸ்டான்லி இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டார். எனக்குப் பசியில்லை.

ஜூன் 20, வெள்ளி

செம்பாறையில் மழை. பிரேக் பிடிக்கவில்லை. நின்றபோது முன்கண்ணாடி முழுக்கப் பாறைதான் தெரிந்தது, அதில் முளைத்திருந்த பெரணிச் செடிகூட. பின்னால் இருந்த தங்கபுஷ்பம் சிஸ்டர், "ஏசப்பா" என்று ஒரே ஒரு தடவை சொன்னார்கள். எத்தனையோ உயிர்கள் பிரிவதை அருகிலிருந்து பார்த்த நர்ஸ் அவர்கள். அவர்கள் குரல் நடுங்கி இதற்கு முன் நான் கேட்டதில்லை.

மொகுதூம் இறங்கிப் போய்ச் சக்கரங்களைப் பார்த்தார். பாறைக்கும் மூக்குக்கும் நடுவே நடந்து பார்த்தார். திரும்பி வந்து சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

பிரேக்கைச் சோதிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 21, சனி

பிரேக்கில் குறை எதுவும் இல்லையாம். எஞ்சினியருக்கு எப்போதும் அவசரம்.

அரவாழி சார் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"ஓடுதளத்துல பாதி தாண்டித்தான் சக்கரம் தொட்டிருக்கும்மா. வேகம் தொண்ணூத்தி ரெண்டு. அந்த வேகத்துல வந்தா அது இறங்கவே இறங்காது, மிதந்துக்கிட்டே போகும். உனக்கு நான் சொல்லணுமா?"

"காற்று சார்."

"காத்து எட்டு நாட், அதுவும் நேர் எதிர்ல." மேசையில் இருந்த பறப்பு அட்டவணையைத் தன் பக்கம் இழுத்தார். "மொகுதூமோட உக்காந்து அந்தக் கருவியப் பழகு. அவர் சரின்னு சொல்ற வரைக்கும் செம்பாறைக்கு நீ போக வேணாம்."

எனக்குக் கீழே பறப்பவர் எனக்குச் சான்றிதழ் தர வேண்டும். வீட்டுக்கு வந்து அலமாரியிலிருந்த பாத்திரங்களை எல்லாம் எடுத்துக் கழுவி மறுபடி அடுக்கினேன். ஸ்டான்லி கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"லீவு போடேன். ஒரு மாசம் மணப்பாடு போயி அக்கா வீட்ல இருந்துட்டு வருவோம்."

"எதுக்கு?"

"சும்மாதான் சொல்லுதேன்."

"சும்மா எதுக்கு லீவு?"

அவர் ஒரு துணியை எடுத்து நான் கழுவியதையெல்லாம் துடைத்து வைத்தார்.

ஜூன் 26, வியாழன்

விமான நிலையத்துக் கேண்டீனில் மத்தியானம் நானும் மொகுதூமும் மட்டும் இருந்தோம். தோசைக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தோம். மூலையில் ஸ்டாண்ட் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. மேசையில் கிடந்த விலை அட்டையை எடுத்துக்கொண்டு அவர் ஃபேன் முன்னால் போய் நின்றார்.

"கேப்டன், இதைப் புடிங்களேன். சின்னப் பிள்ளை விளையாட்டுதான், கோவிச்சுக்காதீங்க."

விமானவியல் தேர்வில் நான் வாங்கிய மார்க் அவருக்குத் தெரியாது. இருந்தாலும் பிடித்தேன். அட்டையை லேசாகச் சாய்த்ததும் காற்று அதை மேலே தூக்கியது. இன்னும் சாய்த்தேன், இன்னும் தூக்கியது. ஒரு சாய்வைத் தாண்டியதும் தூக்குவது போய்விட்டது. அட்டை படபடவென்று அடித்துக்கொண்டது.

"இப்ப ஃபேன் மூணுல இருக்கு." அவர் குனிந்து ஒன்றில் வைத்தார். "இப்பப் பாருங்க."

தூக்குவது குறைந்தது. ஆனால் படபடப்பு தொடங்கிய சாய்வு ஏறக்குறைய அதேதான்.

"காத்து வேகமா இருந்தாலும் மெதுவா இருந்தாலும் இறக்கை கெட்டுப்போற சாய்வு மாறாது. வேகம்தான் மாறும். எடை ஏறுனா ஒரு வேகம், இறங்குனா ஒரு வேகம், திரும்புனா வேற ஒரு வேகம். அதனாலதான் நாங்க வேகத்த நம்பல."

இதெல்லாம் எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதியிருக்கிறேன். ஆனால் அட்டையைப் பிடித்தபடி நான் கேட்டது வேறு.

"ஏப்ரல்ல விழுந்தப்ப சுகிர்தா எண்பத்தி ரெண்டுல இருந்தா. கையேட்டுல உள்ளதுக்கு ரெண்டு கூடவே இருந்துச்சு. விசாரணைக்காரங்க சொன்னாங்க. அவ தப்பே பண்ணல."

மொகுதூம் ஃபேனை நிறுத்தினார்.

"ஃபுல் லோடு. ஓடுதளத்துக்கு நேரா திரும்பும்போது பின்காத்து தள்ளிருச்சு. ஓடுதளத்து நேர்கோட்டைத் தாண்டிப் போயிருவோம்னு திருப்பத்த இறுக்கியிருப்பாங்க. இழுத்துத் திருப்புனா எடை ஏறுன மாதிரிதான். நேரா பறக்கத்தான் எண்பத்தி ரெண்டு போதும், அந்தத் திருப்பத்துக்குப் போதாது. எண்ணு சரியா இருந்துச்சு. சாய்வுதான் தாண்டிருச்சு."

"அப்ப தொண்ணூறு வச்சிருந்தா பொழைச்சிருப்பா."

"அன்னைக்கு அந்த எடத்துல, ஒருவேளை பொழைச்சிருக்கலாம். இன்னும் கொஞ்சம் இழுத்திருந்தா தொண்ணூறுலயும் விழுந்திருக்கும். தொண்ணூற எல்லா எடத்துக்கும் தூக்கிட்டுப் போனா..." பாறையைப் பற்றி அவர் சொல்லவில்லை. நன்றி.

தோசை வந்தது. நான் கை கழுவப் போனேன். திரும்பி வந்தபோது தோசை ஆறிப்போயிருந்தது.

ஜூலை 2, புதன்

தூத்துக்குடி ஓடுதளத்தில் மொகுதூமோடு எட்டு முறை இறங்கினேன். வேகமானி மேல் ஒரு காகிதத்தை ஒட்டி மறைத்துவிட்டார். பச்சை வட்டத்தை மட்டும் பார்த்து வர வேண்டும். மூக்கைத் தூக்கினால் சிவப்புப் பக்கம் போகும், தாழ்த்தினால் மஞ்சள். கடைசி நான்கு முறை முழுக்கப் பச்சையில் வந்தேன். இறங்கியபின் காகிதத்தை எடுத்துக் காட்டினார், பதிவான வேகம் எழுபத்தொன்று.

நன்றாகப் போயிற்று. செம்பாறைக்குப் போகலாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

எஞ்சின் விசையைப் பிடித்திருந்த வலது கையில் தசைப்பிடிப்பு. சாயங்காலம் ஸ்டான்லி நல்லெண்ணெய் சூடாக்கித் தேய்த்துவிட்டார். எதையாவது தூக்கினாயா என்று கேட்டார். இல்லை என்றேன்.

ஜூலை 5, சனி

மலையில் நல்ல மழையாம். இங்கே ஒரு பொட்டு இல்லை. உப்பளத்துக்காரர்களுக்குச் சந்தோஷம்.

ஜூலை 9, புதன்

நேற்று எழுத முடியவில்லை. இன்று மத்தியானம் வரை தூங்கினேன். இப்போது நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

நேற்றுக் காலை செம்பாறை எஸ்டேட்டில் டிராக்டர் கவிழ்ந்து டிரைவர் அடியில் மாட்டிக்கொண்டார். பெயர் ராசையா. வயிற்றுக்குள் ரத்தக் கசிவு என்று எஸ்டேட் டாக்டர் போனில் சொன்னார். அங்கே அறுவை சிகிச்சைக்கு வசதி இல்லை. மண் சரிந்து மலைப்பாதை மூடிக்கிடந்தது. பாதையைச் சரிசெய்ய மறுநாள் ஆகும், மறுநாள் வரை ராசையா தாங்கமாட்டார். அரவாழி சார் என்னைப் பார்த்தார். "மேகம் ஓடுதளத்துக்கு மேலதான் இருக்காம். போயிப் பாரு. முடியலன்னா திரும்பிரு, யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல" என்றார்.

நான், மொகுதூம், தங்கபுஷ்பம் சிஸ்டர் மூவரும் கிளம்பினோம்.

மலையை நெருங்கியதும் மேக இடைவெளி ஒன்றின் வழியாகப் பள்ளத்தாக்கில் இறங்கினோம். இரண்டு பக்கமும் மலை, தலைக்குமேல் சாம்பல் கூரை. ஓடுதளம் தெரிந்தது. அதன் பின்னால் பாறை, பாறைக்குப் பின்னால் மேகத்துக்குள் போய்விட்ட மலை. இறங்க வேண்டாம் என்று நினைத்தால், பள்ளத்தாக்கில் உள்ள தண்ணீர்த் தொட்டியைத் தாண்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். தாண்டிவிட்டால் திரும்ப அகலம் இல்லை, மேலே ஏறினால் மேகத்துக்குள் மலை. இறங்கித்தான் ஆக வேண்டும்.

தொட்டிக்கு முன்னால் எல்லாம் சரியாக இருந்தது. பச்சை எரிந்தது, வேகமானி எழுபத்திரண்டு காட்டியது. "போறோம்" என்றேன். "போறோம்" என்றார் மொகுதூம். தொட்டி சக்கரத்துக்கு அடியில் போயிற்று.

அப்போது மழை அடித்தது. யாரோ குடத்தால் கண்ணாடியில் ஊற்றியதுபோல ஒரு அடி.

நான் வேகமானியைப் பார்த்தேன். அறுபத்தாறு.

அது அறுபதானது. பிறகு ஐம்பத்தைந்து. முள் நிதானமாக, நிற்காமல் இறங்கிக்கொண்டிருந்தது. ஏப்ரலிலிருந்து கண்ணை மூடினால் நான் பார்ப்பது இந்த முள்ளைத்தான். அதற்காகத்தான் ஒவ்வொரு முறையும் பத்தும் பதினைந்தும் கூட்டி வைத்தேன். காற்றுக்காக இல்லை. இங்கே அதை எழுதிவிடுகிறேன்.

"ஸ்பீடு!" மொகுதூம் கத்தினார். "ஸ்பீடு போகுது! பவர் குடுங்க, பவர்!"

அவர் கை என் கைமேல் வந்து விழுந்து எஞ்சின் விசையை முன்னால் தள்ளப் பார்த்தது. கப்பலில் இறங்கியவர். விலை அட்டையைப் பிடிக்கச் சொன்னவர். அவர் கண்கள் விளக்குப் பெட்டியில் இல்லை, என்னைப் போலவே முள்ளில் இருந்தன.

ஐம்பது. நாற்பத்தைந்து.

என் உடம்பு முழுக்கச் சொன்னது, மூக்கைக் குத்து, விசையைத் தள்ளு. அந்த நேரத்தில் எனக்கு ஒன்று விசித்திரமாகப் பட்டது. நாற்பத்தைந்தில் இந்த விமானம் பறக்கவே முடியாது. ஆனால் பறந்துகொண்டிருந்தது. கைப்பிடி எப்போதும்போல இறுக்கமாக இருந்தது. காற்றின் இரைச்சல் மாறவில்லை. ஸ்டால் ஹாரன் கத்தவில்லை, அது கடைசி நொடியில்தான் கத்தும் என்றாலும். பச்சை வட்டம் பச்சையாகவே இருந்தது.

இரண்டில் ஒன்று பொய். தகடு மழையில் சிக்கியிருக்கலாம். அல்லது வேகமானிக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய் அடைத்திருக்கலாம். மூக்கைக் கொஞ்சம், மிகக் கொஞ்சமாகத் தூக்கினேன். பச்சைக்கு மேலே சிவப்பு எட்டிப் பார்த்தது. தாழ்த்தினேன், பச்சைக்குத் திரும்பியது. தகடு உயிரோடு இருந்தது. முள் எதையும் கண்டுகொள்ளாமல் கீழே போய்க்கொண்டே இருந்தது.

"கையை எடுங்க" என்றேன்.

"பிரிசில்லா..."

"கையை எடுங்க மொகுதூம். குழாய் அடைச்சிருக்கு. முள்ளைப் பாக்காதீங்க. விளக்கைப் படிங்க, எனக்குக் கேக்குற மாதிரி."

கை விலகியது. அவர் படிக்கத் தொடங்கினார்.

"பச்சை. பச்சை. லேசா மஞ்சள். பச்சை. பச்சை. சிவப்பு, சிவப்பு வருது... பச்சை."

முள் பூஜ்யத்தில் போய்ப் படுத்துவிட்டது. நான் அதைப் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். பார்த்தேன். பார்த்துக்கொண்டே பச்சையில் வந்தேன். ஓடுதளத்தின் விளிம்பு அடியில் போயிற்று. மூக்கைத் தூக்கினேன், சக்கரம் உடனே தொட்டது, தண்ணீர் இரண்டு பக்கமும் எழுந்தது. நின்றபோது பாறை தூரத்தில் இருந்தது. அதன் பெரணி தெரியவில்லை.

எஞ்சினை நிறுத்தியதும் மழைச் சத்தம் மட்டும் இருந்தது. பின்னால் சிஸ்டர் ஸ்ட்ரெச்சர் வார்களைச் சரிசெய்யத் தொடங்கிவிட்டார்கள். மழை இரைச்சலில் எங்கள் பேச்சு கேட்காததால் அவர்களுக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. மொகுதூம் இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நான் பயந்துட்டேன் கேப்டன்" என்றார். "இத்தனை வருசமா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறேன். கை தானா போயிருச்சு. நீங்க விட்டிருந்தா நான் நம்மள அந்தப் பாறையில கொண்டு சேத்திருப்பேன்."

"நானும் பயந்தேன்."

"நீங்க பயந்த மாதிரியே இல்ல."

"இன்னைக்கு இல்ல" என்றேன். "ஏப்ரல்லேர்ந்து."

இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. டாக்டரிடம் இல்லை, ஸ்டான்லியிடம் இல்லை. ஈரக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, தெரிந்து ஒரு மாதம்கூட ஆகாத மனிதரிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

ராசையாவைத் தார்ப்பாயில் வைத்து ஆறேழு பேர் மழைக்குள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முகம் வெளுத்திருந்தது, கண் திறந்திருந்தது. கூட அவர் மனைவி ஓடி வந்தார், செருப்பில்லாமல். "இடம் இருக்காம்மா? நானும் வரலாமா?" என்று கேட்டார். சிஸ்டர் அவர் கையைப் பிடித்து உள்ளே ஏற்றினார்கள்.

அதற்குள் மொகுதூம் இறக்கைக்கு அடியில் நின்று, சட்டை நனைய நனைய, வேகமானிக் குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்திருந்தார். உள்ளே தண்ணீரும் குளவி கட்டிய மண்ணும் சேர்ந்து களியாக இருந்ததாம். ஓடத் தொடங்கியதும் முள் அசையாவிட்டால் பாதியிலேயே நிறுத்திவிடுவது என்று பேசி வைத்துக்கொண்டோம். முள் எழுந்தது. பள்ளத்தாக்குப் பக்கமாக ஏறி, மேக இடைவெளியைப் பிடித்து வெளியே வந்தோம்.

மதுரையில் ராசையாவின் மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். இன்று காலை கஞ்சி கேட்டாராம்.

ஜூலை 10, வியாழன்

ஸ்டான்லியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவர் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தார். "இனி பறக்காதன்னு சொல்லமாட்டேன். ஆனா எங்கிட்ட நல்லா இருக்கேன்னு மட்டும் சொல்லாத" என்றார்.

ஜூலை 21, திங்கள்

அரவாழி சாரிடம் நானே போய்க் கேட்டேன். எதற்கு என்று சொன்னதும் சிறிது யோசித்துவிட்டு அனுமதி கொடுத்தார்.

விமானத்தில் மணல் மூட்டைகள் ஏற்றி, சுகிர்தாவின் விமானத்தில் அன்று இருந்த எடைக்குக் கொண்டுவந்தோம். நானும் மொகுதூமும் மட்டும். கடலுக்கு மேலே ஒன்பதாயிரம் அடி. தெளிந்த வானம், கீழே மீன்பிடிப் படகுகள் புள்ளி புள்ளியாக.

இறங்கும் நிலைக்கு விமானத்தைக் கொண்டுவந்தேன். எண்பத்திரண்டு வைத்தேன். இடது பக்கம் சாய்த்துத் திருப்பினேன். ஓடுதளத்தின் கோடு கையை விட்டுப் போகிறது என்று நினைத்துக்கொண்டு திருப்பத்தை இறுக்கினேன், இழுத்தேன். அவள் இழுத்திருக்கக்கூடிய அளவுக்கு.

முள் எண்பத்திரண்டிலேயே நின்றது. மூக்கு எங்கே இருக்க வேண்டுமோ அங்கேதான் இருந்தது. அதைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, எதுவும் தவறில்லை. விளக்குப் பெட்டி மட்டும் முழுச் சிவப்பு. "சிவப்பு" என்றார் மொகுதூம், அமைதியாக. ஹாரன் கத்தியது. அது கத்தத் தொடங்கிய அதே மூச்சில் இடது இறக்கை காணாமல் போயிற்று. கடல் பக்கவாட்டில் எழுந்து கண்ணாடியை நிறைத்தது.

கையைத் தளர்த்தினேன். மூக்கைத் தாழவிட்டேன். இறக்கை மறுபடி காற்றைப் பிடித்தது. சாய்வை நிமிர்த்தி, ஏறத் தொடங்கியபோது உயரமானியைப் பார்த்தேன். எழுநூறு அடி போயிருந்தது.

அவளுக்கு இருந்தது ஐந்நூறு.

இத்தனை நாளும் நான் வேறு மாதிரி நினைத்திருந்தேன். அவள் பார்த்துக்கொண்டே, தெரிந்துகொண்டே, நெடுநேரம் விழுந்ததாக. என்னைக் கூப்பிட்டிருப்பாள் என்றுகூட. அப்படி எதற்கும் நேரமில்லை. சரியான எண் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள், தன் வேலையைச் செய்துகொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

என் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. "நீங்க வச்சுக்கோங்க" என்றேன். மொகுதூம் கைப்பிடியை வாங்கிக்கொண்டார். கடற்கரையை ஒட்டி, மணப்பாட்டுப் பக்கமாக நிதானமாகப் பறந்துகொண்டிருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் அழுது முடித்தேன்.

"குடுங்க" என்றேன்.

நான்தான் இறக்கினேன்.